உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தத்திலிருந்து பாதியில் விலக முடியுமா?

தோ பாயோ எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியேறி வீவக நடுவத்தைக் கடக்கும்போது, “ஒருமுறை இலவசமாக வந்து பாருங்கள்” என்று ஒரு துண்டறிக்கை கைக்கு வரலாம். இலவசமாகப் பார்க்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வெளியே வருவதும் உண்டு.

மாதம் 98 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அது பெரிதாகத் தோன்றாது. 24 மாதத்துக்குக் கணக்கிட்டால் 2,352 வெள்ளி. ஏழு மாதம் போனபின் முழங்கால் வலி வருகிறது, அல்லது வேலை துவாசுக்கு மாறுகிறது. விலகுகிறேன் என்று கேட்டால், மிச்சமுள்ள 17 மாதத்துக்கும் சேர்த்து 1,666 வெள்ளி கட்டிவிட்டுப் போகலாம் என்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது சில மாத மளிகைச் செலவு.

இந்த நிலையில் பலர் முதலில் செய்வது வங்கிக்குச் சொல்லி ஜைரோவை நிறுத்துவது. அதுதான் ஆகக் கெடுதலான வழி. ஜைரோ என்பது பணம் செலுத்தும் முறை மட்டுமே. அதை நிறுத்தினால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. நிலுவை ஏறும், தாமதக் கட்டணம் சேரும், கடன் வசூலிப்பு நிறுவனத்தின் கடிதம் வரும். அதுவரை நியாயம் உறுப்பினர் பக்கம் இருந்திருந்தாலும், ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பெயர் அவருக்கே வந்து சேரும்.

ஐந்து நாள் அவகாசம் யாருக்கு?

எந்த ஒப்பந்தத்தையும் ஐந்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பேட்டைகளில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. 2009ஆம் ஆண்டின் ஒப்பந்த ரத்து விதிமுறைகள், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாள் அவகாசம் தருகின்றன. ஆனால், அவை முக்கியமாக அழைக்காமலேயே வீடு தேடி வந்து விற்பவர்களின் நேரடி விற்பனைக்கும், விடுமுறை இல்லங்களை ஆண்டில் சில நாள் பயன்படுத்தும் நேரப் பகிர்வு ஒப்பந்தங்களுக்கும் உரியவை. தாமாகவே கூடத்துக்குள் நடந்துபோய்க் கையெழுத்திட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அவருக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, ஒப்பந்தத்திலேயே அவகாசம் எழுதப்பட்டிருக்கலாம். மற்றொன்று, அந்தக் கூடம் ‘கேஸ்டிரஸ்ட்’ அங்கீகாரம் பெற்றதாக இருக்கலாம். உடற்பயிற்சித் துறைக்கென்று சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமும் ஸ்போர்ட் சிங்கப்பூரும் சேர்ந்து கொண்டுவந்த அந்தத் திட்டத்தில் ஐந்து நாள் அவகாசம் ஒரு நிபந்தனை. எனவே, கையெழுத்திட்ட மறுநாளே மனம் மாறியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வாசலில் அந்த முத்திரை இருக்கிறதா என்பதை.

எப்படி விற்றார்கள் என்பது முக்கியம்

அவகாசம் முடிந்துபோனவர்களுக்கு உதவக்கூடியது 2004 முதல் நடப்பில் உள்ள பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம். ‘எனக்குப் பிடிக்கவில்லை, விலகுகிறேன்’ என்பவருக்கு அது உதவாது. ஆனால், விற்ற விதத்தில் குறை இருந்தால் நிலைமை வேறு.

“இந்த விலை இன்று மட்டும்தான்” என்று அவசரப்படுத்தி, அதே விலையை அடுத்தடுத்த மாதங்களிலும் கொடுத்தால் அது சட்டப்படி நியாயமற்ற நடைமுறை. ஒருதலைப்பட்சமான, மிகக் கடுமையான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் புகுத்திப் பயனீட்டாளரின் நிலையைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வதும் அப்படியே. தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் தன்மையையோ மொழியையோ விளைவையோ புரிந்துகொள்ள இயலாத நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தும், தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், அதைப் பயன்படுத்திக்கொண்டு விற்கக்கூடாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாயாரிடம் பன்னிரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தத்தைக் கைப்பேசித் திரையில் காட்டி விரலால் கையெழுத்து வாங்கியிருந்தால், பிள்ளைகள் தயங்காமல் அதை எடுத்துச் சொல்லலாம்.

வயதும் முக்கியம். 2009 மார்ச் முதல் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. தேசிய சேவைக்குப் போகும் 18 வயது மகன் போட்ட கையெழுத்து அவனைக் கட்டுப்படுத்தும். 17 வயது மாணவரின் கையெழுத்து பொதுவாகக் கட்டுப்படுத்தாது.

மிச்சத் தொகை முழுவதையும் கேட்கலாமா?

ஒப்பந்தத்தை மீறியவர் கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தொகை, ஏற்படக்கூடிய இழப்பின் நேர்மையான மதிப்பீடாக இருக்க வேண்டும். மறுதரப்பை மிரட்டிப் பிடித்துவைப்பதற்கான தண்டமாக இருந்தால் நீதிமன்றம் அதை வாங்கித் தராது. மின்சார விநியோகம் தொடர்பான டெங்கா - செராயா வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இந்த விதியை மீண்டும் உறுதிப்படுத்தியது.

17 மாதக் கட்டணத்தையும் ஒரே மூச்சில் கேட்கும் கூடத்திடம், “என்னால் உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு இவ்வளவா?” என்று எழுத்தில் கேட்க இது இடம் தருகிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ‘300 வெள்ளி கட்டி எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று ஒப்பந்தத்திலேயே வழி இருந்தால், அதன்படி விலகுவது மீறல் ஆகாது. அந்தத் தொகைக்கு இந்த விதி பொருந்தாது. பல நேரங்களில் அந்த 300 வெள்ளியைக் கட்டிவிட்டு வருவதே லாபம்.

இங்கிலாந்தில் ஆஷ்போர்ன் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவந்தது. சேருபவர்கள் தாங்கள் எவ்வளவு காலம் வருவோம் என்பதை மிகையாக மதிப்பிடுகிறார்கள், அந்த பலவீனத்தின்மீதுதான் இந்த ஒப்பந்தங்கள் நிற்கின்றன என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 2011இல் கூறியது. ஓராண்டுக்கு மேல் கட்டிவைக்கும் நிபந்தனைகள் நியாயமற்றவை என்றும் தீர்ப்பளித்தது. அந்நாட்டுச் சட்டம் வேறு, அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால், நீதிபதி சொன்ன மனித இயல்பு தோ பாயோவுக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். குறைந்தபட்சக் காலம் எவ்வளவு, எத்தனை நாள் முன்னறிவிப்பு, வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா, காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று பார்க்க வேண்டும். உறவினர் அல்லது நண்பர் பெயருக்கு மாற்ற முடிந்தால் அதுவே சுலபம்.

உடல்நலக் காரணம் என்றால் இரண்டு நாள் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் போதாது. எந்தப் பயிற்சி கூடாது, எவ்வளவு காலத்துக்குக் கூடாது என்று பலதுறை மருந்தக மருத்துவரிடம் எழுதி வாங்குவது நல்லது. கூடம் பெரும்பாலும் ‘தற்காலிக நிறுத்தம்’ தருவதாகச் சொல்லும். அதை ஏற்குமுன், நிறுத்திய மாதங்கள் ஒப்பந்தக் காலத்தின் கடைசியில் சேர்க்கப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கப்பட்டால் அது வெறும் தள்ளிவைப்புதான்.

கூடமே வேறு வட்டாரத்துக்கு இடம் மாறினாலோ, வாக்களித்த நீச்சல் குளத்தையோ வகுப்புகளையோ நிறுத்தினாலோ உறுப்பினரின் வாதம் வலுக்கும். வாக்களித்ததற்கான சான்று வேண்டும். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம்.

அடுத்து, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். உறுப்பினர் எண், ஒப்பந்தத் தேதி, விலகும் காரணம், கேட்கும் தீர்வு, பதிலுக்கு 14 நாள் கெடு, இவ்வளவு போதும். முகப்பில் இருக்கும் இளைஞரிடம் வாய்மொழியாகச் சொன்னது பின்னர் நிற்காது. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம்.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை 6277 5100 என்ற எண்ணில் அழைக்கலாம். சங்கம் இருதரப்புக்கும் இடையே சமரசம் பேசும், ஆனால் உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலும், இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கு கோரலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் கூடத்தின் பிரதிநிதியும் உறுப்பினரும் நேருக்கு நேர் பேசுவார்கள். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்கு இது மிகவும் ஏற்றது.

முன்கூட்டியே கட்டியவர்கள்

2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் சிங்கப்பூரில் தனது கூடங்களை மூடியபோது, நீண்டகாலத்துக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். நிறுவனம் கலைக்கப்படும்போது இத்தகைய உறுப்பினர்கள் பிணையமற்ற கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியவர்கள். அந்த வரிசைக்குப் பணம் வந்து சேர்வது அரிது. கடன் அட்டையில் கட்டியவர்கள் உடனே வங்கியிடம் பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம், அதற்கும் காலக்கெடு உண்டு. எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் மொத்தமாகக் கட்டுவதைவிட மாதாமாதம் கட்டுவதே பாதுகாப்பு.

இனிமேல்தான் சேரப் போகிறவர்கள் ஓர் ஆய்வைப் பார்க்கலாம். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களைப் பற்றி டெல்லவிஞா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2006இல் எழுதியது அது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு முறைக்குச் சற்று அதிகமாகத்தான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே கூடத்தில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான்.

இங்கே ஆக்டிவ்எஸ்ஜி கூடங்களில் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒருமுறை நுழைய 2.50 வெள்ளி, மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் அதைவிடக் குறைவு. மாதம் 98 வெள்ளியை வைத்து ஒருவர் 39 முறை போகலாம்.