டிங்கோ சிங்: இலகு எடைக் குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கை

டிங்கோ சிங் (1 சனவரி 1979 – 10 சூன் 2021) மணிப்பூர் மாநிலத்தைச் சேர்ந்த இந்தியக் குத்துச்சண்டை வீரர். 1998ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 54 கிலோ பான்டம் எடைப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். 1982இல் கௌர் சிங் வென்ற பிறகு, ஆசிய விளையாட்டுக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு 16 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது.

எடைப் பிரிவு எதற்கு?

ஒரு குத்தின் வேகம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் உடலின் எடையும் சேர்ந்துதான் எதிராளியைத் தாக்குகிறது. ஐம்பது கிலோ வீரர் எவ்வளவு திறமைசாலியானாலும், எண்பது கிலோ வீரரின் ஒரு குத்து அவரைச் சாய்த்துவிடும். அதனால்தான் சம எடை உள்ளவர்களை மட்டும் மோத விடுகிறார்கள். ஓட்டப்பந்தயத்திலோ கூடைப்பந்திலோ இத்தகைய பிரிவுகள் இல்லை. உருவத்தில் சிறியவன் என்று கடைசி வரிசையில் நிறுத்தப்படும் மாணவனும் உலக அளவில் முதலிடம் பெற வழியுள்ள சில விளையாட்டுகளில் குத்துச்சண்டையும் ஒன்று.

தொழில்முறைப் போட்டிகளில் 'ஃபிளை' (ஈ) எடையின் உச்ச வரம்பு 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. 'பான்டம்' எடைக்கு 118 பவுண்டு, அதாவது 53.5 கிலோ. பான்டம் என்பது உருவில் சிறிய ஒரு கோழி இனத்தின் பெயர். தொழில்முறை வீரருக்குப் போட்டிக்கு முந்தைய நாளே எடை பார்ப்பது வழக்கம். அமெச்சூர் போட்டியில், மோதும் நாளன்று காலையில் எடை பார்ப்பார்கள். தொடர்ந்து பல போட்டிகள் இருந்தால், அத்தனை நாட்களும் வீரர் வரம்புக்குள் இருந்தாக வேண்டும்.

விடுதியில் தொடங்கிய வாழ்க்கை

டிங்கோ பிறந்தது கிழக்கு இம்பால் மாவட்டத்தின் செக்தா கிராமத்தில். குடும்ப வறுமையால் அனாதை இல்லத்தில் வளர்ந்தார். இந்திய விளையாட்டு ஆணையம், எட்டாத ஊர்களில் உள்ள திறமையான சிறுவர்களைத் தேடிச் சேர்க்க, சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டம் என்ற ஒன்றை நடத்தியது. அத்திட்டத்தின் பயிற்சியாளர்கள் டிங்கோவைக் கண்டறிந்தனர். தங்குமிடம், உணவு, பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. 1989இல், தம் பத்தாவது வயதில், அம்பாலாவில் நடந்த தேசிய சப்-ஜூனியர் போட்டியில் பட்டம் வென்றார். 1997இல் பாங்காக்கில் நடந்த மன்னர் கோப்பைப் போட்டியிலும் வென்றார்.

பாங்காக் 1998

ஆசிய விளையாட்டுக்கான அணியில் முதலில் அவர் பெயர் விடுபட்டது. பிறகே சேர்க்கப்பட்டார். அரையிறுதியில், சொந்த மண்ணில் விளையாடிய தாய்லாந்து வீரர் சொந்தாயாவை வென்றார். இறுதிப் போட்டியில் எதிர்த்து நின்றவர் உசுபெக்கித்தானின் திமுர் துல்யாகோவ். நான்காம் சுற்றுக்குப் பிறகு அவர் போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, தங்கம் டிங்கோவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19. அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும், 2013இல் பத்மசிறீ விருதும் பெற்றார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் உக்ரைனின் செர்கி டனில்செங்கோவிடம் தோற்றார். அந்த டனில்செங்கோ பின்னர் வெண்கலம் வென்றார்.

அதே மாதத்தில் இன்னொருவர்

டிங்கோ தங்கம் வென்ற அதே 1998 திசம்பரில், அதே தாய்லாந்தில், இன்னொரு இளைஞரும் வென்றார். அவர் பிலிப்பீன்சின் மேனி பாக்கியாவ். 17 திசம்பர் 1978இல் பிறந்தவர். டிங்கோவைவிட இரண்டு வாரம் மட்டுமே மூத்தவர். அவரும் வறுமையில் வளர்ந்தவர்தான். ஆனால் அவர் 1995இல், 16 வயதிலேயே, தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்துவிட்டார். எடை போதாததால் சட்டைப்பையில் கனமான பொருள்களை வைத்துக்கொண்டு எடைக்கருவியில் ஏறியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 4 திசம்பர் 1998 அன்று சட்சாய் சசாகுலை எட்டாம் சுற்றில் வீழ்த்தி, உலக ஃபிளை எடைப் பட்டத்தைப் பெற்றார்.

மறு ஆண்டே, வளரும் உடலை 50.8 கிலோவுக்குள் அடக்க முடியாமல், எடைக்கருவியிலேயே அப்பட்டத்தை இழந்தார். பின்பு மேல் பிரிவுகளுக்கு ஏறி, மொத்தம் எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். பெரும் செல்வம் சேர்த்தார். தம் நாட்டின் செனட் உறுப்பினரும் ஆனார்.

இரு வழிகள்

தொழில்முறை வீரருக்கு ஒவ்வொரு போட்டிக்கும் ஊதியம் உண்டு. பட்டம் பெற்றால் அது பன்மடங்காகும். தோற்றால் கைவிட்டுப் போவதும் அதிகம். அந்நாளைய இந்தியாவில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போதிய அமைப்பு இல்லை. எனவே இந்திய வீரருக்குப் பரிசுப் பணத்தைவிட அரசுப் பணியே பிடிமானம். டிங்கோ இந்தியக் கடற்படையில் பணியாற்றினார். பின்னர் பயிற்சியாளராகவும் இருந்தார்.

அந்தப் பிடிமானமும் எல்லாவற்றையும் தாங்கிவிடவில்லை. 2017இல் அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைச் செலவுக்காக வீட்டையே விற்க நேர்ந்ததாகச் செய்திகள் வந்தன. 2020இல் கொரோனா தொற்றிலிருந்து மீண்ட அவர், மறு ஆண்டு 42ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்டுச் சென்றது

டிங்கோவின் பாங்காக் வெற்றியைக் கண்டுதான் குத்துச்சண்டைக்கு வந்ததாக மேரி கோம் கூறியுள்ளார். அதே மணிப்பூரைச் சேர்ந்த அவர், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். ஒரு பதக்கம் அடுத்த தலைமுறையை உருவாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கரிசல் பூமியில் உள்ளவர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. கோவில்பட்டி வளைகோல் பந்தாட்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள சிறப்பு விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீசுவரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினர். செக்தா கிராமத்துச் சிறுவனுக்கு உதவிய அதே மூன்று வசதிகள்தான் இங்கும் உதவின: தங்க ஓர் இடம், வயிறாரச் சோறு, தவறாத பயிற்சி. இவை கிடைத்தால் திறமை வெளிப்படும். விளையாட்டை நிறுத்திய பிறகும் வீரரைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும் என்பதே டிங்கோவின் கடைசி ஆண்டுகள் சொல்லும் பாடம்.