இறங்காத விரையும் எட்டாத தமனியும்

ஆண் குழந்தையின் விரை கருவில் தோன்றும் இடம் விரைப்பை அன்று. வயிற்றின் பின்சுவரில் சிறுநீரகத்தை அடுத்து உருவாகும் அது, கருக்காலத்தின் ஏழாம் மாதத்தையொட்டித் தொடையிடுக்கில் உள்ள கவட்டுக் கால்வாய் வழியாகக் கீழிறங்குகிறது. அதன் தமனியும் உருவான இடத்திலேயே, சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியிலிருந்து கிளைத்து, விரை இறங்க இறங்கத் தானும் நீள்கிறது. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்குப் பிறக்கும்போது இந்த இறக்கம் முடிந்திருப்பதில்லை. அவர்களில் பலருக்கு முதல் 6 மாதங்களுக்குள் விரை தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால், உடலைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ந்த விரைப்பையில் வளர வேண்டிய விந்தணு மூலச்செல்கள் வயிற்றுச் சூட்டில் சிதையும் என்பதால், 18 மாதங்களுக்குள் அறுவை செய்துவிட வேண்டும்.

கவட்டில் தட்டுப்படும் விரையை இறக்கிப் பொருத்துவது பெரும்பாலும் எளிது. வயிற்றுக்குள் தங்கிவிட்ட விரையில்தான் சிக்கல்: அதன் தமனி விரைப்பையை எட்டும் அளவுக்கு நீண்டிருக்காது, இழுத்துத் தைத்தால் குருதி தடைப்பட்டு விரை சுருங்கிவிடும். ஆயினும் விரைக்குக் குருதி தருவது அந்தத் தமனி மட்டுமன்று. விந்து நாளத்தை ஒட்டி வரும் மெல்லிய தமனியும், விரையைத் தூக்கும் தசையின் தமனியும் அதற்குத் துணை நிற்கின்றன. மெல்போர்னைச் சேர்ந்த ஃபவுலர், ஸ்டீஃபன்ஸ் ஆகியோர் 1959இல் இந்தத் துணைவழிகளை நம்பி, முதன்மைத் தமனியை விரைக்கு வெகு மேலேயே துண்டித்து விரையை இறக்கும் முறையை வெளியிட்டனர். வெட்டுவதற்கு முன் தமனியை இடுக்கியால் அடைத்து, விரையின் உறையைச் சற்றே கீறி, குருதி கசிகிறதா என்று பார்ப்பது அவர்கள் வகுத்த சோதனை. பின்னாளில் இது இரு கட்டமாயிற்று: லேப்ராஸ்கோப்பி வழியாகத் தமனியை முதலில் அடைத்துவிட்டு, தலைவாய்க்கால் அடைபட்ட வயலுக்குக் கிளை வாய்க்கால்கள் அகன்று நீர் கொணர்வதுபோல் துணைத் தமனிகள் பருக்க ஏறத்தாழ 6 மாதம் விட்டு, பிறகே விரை இறக்கப்படுகிறது. எகிப்திய அறுவை மருத்துவர் ஷெஹாட்டாவின் முறையோ தமனியை வெட்டுவதே இல்லை. விரையை எதிர்ப்பக்க வயிற்றுச் சுவரில் சுமார் 3 மாதம் கட்டி வைக்க, குடலின் எடை தமனியின் மீது அழுந்தி அதை நீளச் செய்கிறது. இருக்கும் குருதியோட்டத்தை இழக்காத இந்த வழியே இயற்கைக்கு நெருக்கமானது எனலாம். ஆனால் தமனி மிகக் குறுகியிருந்தால் இதுவும் கைகொடுப்பதில்லை.

இவ்விரு முறைகளும் குழந்தையை இருமுறை மயக்கத்துக்கு உட்படுத்துபவை. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியிலிருந்து வரும் பெற்றோருக்கு, இடையில் மாதக்கணக்கான இடைவெளியுடன் இரு நெடும்பயணங்களும் ஆகும். வெள்ளிமலையை உள்ளடக்கிய கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகி, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்ட போதிலும், பிறப்பின்போதும் தடுப்பூசி நாள்களிலும் செவிலியர் கை வைத்துப் பார்க்காவிட்டால் இக்குறை பள்ளிப் பருவம்வரை மறைந்தே இருந்துவிடும். குளிர்ந்த கை பட்டாலே மேலேறிக் கொள்ளும் இயல்பான விரையும் உண்டாதலால், கையைச் சூடாக்கிக்கொண்டு தொடுவது அவசியம். தொட்டும் தட்டுப்படாத விரையை ஸ்கேன் காட்டாததாலேயே அது இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்கேனுக்காக நாள் கடத்தாமல் குழந்தை அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.