நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தோணும்?

கோவையில் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன் நான். ஆடிட்டர் ஆபீஸோ பம்ப் பட்டறையோ, மேஜைக்கடியில் ஒரு பழைய டவர் சர்வர் தூசியோடு உறுமிக்கொண்டிருக்கும். டாலி கணக்கு, ஸ்கேன் செய்த பத்திரங்கள், சில இடங்களில் மெயில்கூட அதற்குள்தான். முதலாளிகள் கேட்பது ஒன்றே: "நல்லாத்தானே ஓடுது தம்பி, எதுக்கு மாத்தோணும்?"

ஓடும். ஆனால் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 மெயில் சர்வர்களுக்கு 2025 அக்டோபர் 14-ஓடு கெடு முடிந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகை ஆட்டியபோது, அதைத் தடுக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். பேட்சே வராத மெஷினை வைத்திருப்பவர் என்ன செய்வார்?

மெயிலையும் சர்வரையும் ஒரே நாளில் தொடக் கூடாது. நான் மெயிலில்தான் ஆரம்பிப்பேன். பத்துப் பேர் ஆபீஸுக்குச் சொந்த மெயில் சர்வர் வேண்டாம். ஜோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று ஏதாவது ஒரு சேவைக்கு மாறிவிடலாம். முதலில் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்துகொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்திருப்பார். வீட்டுப் பத்திரம் அடுத்தவர் பேரில் இருப்பது மாதிரிதான் அது.

அடுத்தது பழைய மெயில்கள். பாப்3 வழியில் இறங்கியவை பெரும்பாலும் அந்தந்த கம்ப்யூட்டரின் பிஎஸ்டி ஃபைலில் மட்டுமே இருக்கும். அதையெல்லாம் நகலெடுத்த பிறகு, முந்தின நாளே டொமைனின் டிடிஎல் மதிப்பை (பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்து, சனிக்கிழமை சாயங்காலம், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றலாம். வழி தவறி வரும் மெயிலுக்காகப் பழைய பெட்டி சில நாள் திறந்தே இருக்கட்டும். மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகள் இரண்டையும் போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது. இல்லாவிட்டால் உங்கள் இன்வாய்ஸ் ஸ்பேமுக்குப் போகும், திரும்பியும் வரலாம். கடைசியில் ஜெராக்ஸ் மெஷினையும் பாருங்கள். ஸ்கேனை மெயிலில் அனுப்பும் பழைய மாடல்கள் புதிய டிஎல்எஸ் பாதுகாப்பு முறை தெரியாமல் முரண்டு பிடிக்கும்.

சர்வர் பக்கம் வேலை கம்மி. புது மெஷினில் டேட்டாவை ஏற்றி, பழையதைச் சில வாரம் அணைத்து வையுங்கள். ஆடிட் கெடு நெருக்கும் செப்டம்பரில் மட்டும் கை வைக்காதீர்கள். "ரெய்டு போட்டிருக்கு சார், பேக்கப் எதுக்கு?" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு டிஸ்கில் ஒரே டேட்டாவை வைக்கும் ரெய்டில், ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அது போய்விடும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று ஆபீஸுக்கு வெளியே என்பதுதான் கணக்கு.

உங்கள் சர்வீஸ்காரரிடம், போன மார்ச் மாத லெட்ஜரை பேக்கப்பிலிருந்து எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் இழுத்தடித்தால், சர்வர் எத்தனை நன்றாக ஓடினாலும் மாற்றும் வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.