கோடுகளால் ஆன பெண்கள் – 14: கும்பிடுபூச்சிப் பாணி

போன வாரம் ‘அவதார்’ கட்டாராவை, அம்மாவைக் கொன்றவனுக்கு எதிரே மழையில் நிறுத்திவிட்டு வந்தேன். கொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. அவ்வளவுதான் முன்கதை. மீதிக்குப் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கோரா என்று வாக்குக் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் கோராதான். புதன்கிழமை ஒரு சின்ன விஷயத்தைச் சரிபார்க்கப் போய் டோஃபிடம் மாட்டிக்கொண்டேன். உதவி ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இரண்டாவது முறை குரலில் மரியாதை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. நல்ல அறிகுறி இல்லை.

விஷயம் இதுதான். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரில் கதாநாயகச் சிறுவன் ஆங்குக்கு மண்வித்தை, அதாவது மண்ணை இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கும் வித்தை, சொல்லித்தர ஒரு குரு வேண்டும். தொடரைப் படைத்த மைக்கேல் டான்ட்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும் முதலில் நினைத்து வைத்திருந்தது ஒரு ஆண்பிள்ளையை. தோளும் புஜமுமாக ஒரு தடியன். மண் என்றால் கனம், கனம் என்றால் தடியன் என்ற கணக்கு. தலைமை எழுத்தாளர் ஆரன் எஹாஸ்தான் அதைப் பெண்ணாக்கினால் என்ன என்று கேட்டார். கொனியெட்ஸ்கோவுக்குத் தடியனை விட மனசே வரவில்லை. அப்புறம் ஒருவழியாக இறங்கிவந்தார். 2006-ல், இரண்டாம் பருவத்தின் ஆறாவது அத்தியாயத்தில், சண்டை மேடைக்கு நடந்து வந்தவள் பன்னிரண்டு வயது டோஃப் பேஃபோங். குள்ளம், வெறுங்கால், பிறவியிலேயே பார்வை கிடையாது. எதிரே நிற்பவனுக்குப் பட்டப்பெயரே ‘பாறாங்கல்’. தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பேசிக்கொள்கிற மாமிச மலை. கண்மூடித் திறப்பதற்குள் அவன் மேடைக்கு வெளியே கிடக்கிறான். கைவிட்ட தடியனையே கூட்டிவந்து அவள் கையால் அடிவாங்க வைத்தார்களோ என்று எனக்கு ஒரு யூகம். யூகம்தான், சத்தியம் செய்யமாட்டேன்.

இத்தோடு விட்டார்களா? மூன்றாம் பருவத்தில் ஒரு அத்தியாயம். ஆங், கட்டாரா, டோஃப் அடங்கிய நம் கூட்டம் ஒரு தீவில் நாடகம் பார்க்கப் போகிறது. நாடகமே அவர்களுடைய கதைதான். தங்களை நடிப்பவர்களைப் பார்த்து ஒவ்வொருவரும் புழுங்குகிறார்கள். கட்டாராவாக வருபவள் மூச்சுக்கு மூச்சு அழுகிறாள், ஆங்காக வருபவரோ ஒரு நடிகை. டோஃபாக வருகிறவர்? தோளும் புஜமுமாக ஒரு தடியன்! காட்டுக் கத்தலாகக் கத்தி, அந்தச் சத்தத்தை வைத்தே வழி பார்ப்பதாகச் சொல்கிறான். டோஃபுக்கு மட்டும் பரம சந்தோஷம். மேசையிழுப்பறைக்குள் போயிருந்த அந்தத் தடியனின் படம் இரண்டு வருஷம் கழித்து மேடையேறி, அசலிடமே கைத்தட்டு வாங்கிவிட்டது. இந்தச் சங்கதி தெரிந்ததும் புதன்கிழமை இரவு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியவில்லை. இந்தத் தொடரில் ஒவ்வொரு பூதத்துக்கும் சீனத்துச் சண்டைக்கலை ஒன்றை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு தாய்ச்சி, நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்கு பாகுவா, மண்ணுக்கு ஹுங் கார். ஹுங் கார் என்பது காலை அகட்டி, தாழ்ந்து, வேரோடி நிற்கிற பாணி. டோஃப் மட்டும் அப்படி நிற்பதில்லை. அவளுக்கென்று தென்சீனத்துக் கும்பிடுபூச்சிப் பாணியைக் கொடுத்திருக்கிறார்கள். கதைக்குள் அதற்குக் காரணம் உண்டு. அவள் வித்தை கற்றது மனிதர்களிடம் இல்லை, மலைக்குள் வளை தோண்டி வாழும் குருட்டுப் பிராணிகளிடம். சின்ன வயதில் கும்பிடுபூச்சியைப் பிடித்து எங்களைக் கும்பிடச் சொல்லி மெனக்கெட்டிருக்கிறோம். அது கும்பிடவில்லை, இரை வருகிறதா என்று கையை மடக்கித் தயாராக நிற்கிறது என்று பின்னாளில்தான் தெரிந்தது. டோஃபின் அப்பா அம்மாவும் அதே தப்பைத்தான் செய்தார்கள். பெரிய பணக்கார வீடு. பாவம், பார்வையில்லாத குழந்தை என்று ஊருக்கே தெரியாமல் பொத்தி வளர்த்தார்கள். ராத்திரி அவள் போய் மல்லர்களைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்தது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “கண் தெரியாத பெண்ணுக்கு அபூர்வ சக்தி கொடுப்பது பழைய தந்திரம் இல்லையா?” நியாயமான கேள்வி. சக்தியைக் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் தந்திரம்தான். டோஃப் தரையின் அதிர்வைப் பாதத்தால் உணர்ந்து ‘பார்க்கிறாள்’. ஆனால் தரை வேண்டும். பறக்கும்போது ஒன்றும் தெரியாது. மணலில் எல்லாம் கலங்கித் தெரியும். பாலைவனத்தில் புதைகிற நூலகத்தை ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே நண்பர்கள். அதே நேரத்தில் ஆங்கின் பறக்கும் காட்டெருமையை மணல்வாசிகள் கட்டி இழுத்துப் போகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அவள் நண்பர்களைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்த ஆங் அவள்மேல்தான் எரிந்து விழுகிறான். இன்னொரு இடத்தில் நெருப்புவித்தைக்காரன் ஸூக்கோ தெரியாமல் அவள் பாதத்தைச் சுட்டுவிடுகிறான். அந்த இரவு அவள் தவழ்ந்து போகிறாள். குழந்தைகள் பார்க்கிற தொடர் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு காட்சியையும் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது இரும்புப் பெட்டி. அம்மா எழுதியதாக வந்த கடிதத்தை கட்டாரா படித்துச் சொல்ல, நம்பிப் போய் டோஃப் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொள்கிறாள். மண்வித்தைக்காரர்களால் உலோகத்தை ஒன்றும் செய்ய முடியாது என்பது அந்த உலகத்தின் சட்டம். அதே அத்தியாயத்தில் வேறொரு மலையில் பதிக் என்கிற குரு ஆங்குக்குச் சக்கரங்களைத் திறந்துகொண்டிருக்கிறார். (கையில் வெங்காயமும் வாழைப்பழமும் சேர்த்து அடித்த சாறு. யாரும் வீட்டில் முயல வேண்டாம்.) உலோகம் என்பதும் சுத்திகரித்த மண்தான் என்று அவர் அங்கே சொல்ல, அதைக் கேட்காத டோஃப் இங்கே பெட்டியைத் தட்டித் தட்டி, இரும்புக்குள் மிச்சமிருக்கும் மண்துணுக்கைப் பாதத்தால் கண்டுபிடிக்கிறாள். பெட்டி காகிதம்போலக் கிழிகிறது.

இங்கே கதையை முடித்திருந்தால் அவள் ஒரு ‘வீரப் பெண்’. போஸ்டர் அடித்து ஒட்டியிருக்கலாம். அடுத்த தொடரான ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’வில்தான் கணக்கைத் தீர்க்கிறார்கள். உலோகவித்தையைக் கண்டுபிடித்தவள் பெருநகரத்தின் போலீஸ் தலைவி ஆகிறாள். லின், சூயின் என்று இரண்டு பெண்கள். அப்பாக்கள் வேறு வேறு. இருவருக்குமே அப்பாவை அவ்வளவாகத் தெரியாது. தன்னைப் பொத்தி வளர்த்த கோபத்தில் டோஃப் பெண்களை அவிழ்த்துவிட்டு வளர்க்கிறாள். தங்கை திருடர்களோடு சேர்கிறாள். அக்கா, போலீஸ் உடையில், பிடிக்கப் போகிறாள். அறுந்த உலோகக் கம்பி லின்னின் முகத்தைக் கிழிக்கிறது. தாய் என்ன செய்தாள்? வழக்குத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சின்னவளைத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பெரியவள் முகத்தில் அந்தத் தழும்பு கடைசி வரை இருக்கிறது. உலகத்தையே பாதத்தால் படித்தவளுக்குச் சொந்த மகளின் முகம் எட்டவில்லை. பலசாலியான பெண்ணை யாரும் வரைந்துவிடலாம், அவள் பலத்துக்கு வீட்டில் யார் விலை கொடுத்தார்கள் என்று வரைவதற்குத்தான் தைரியம் வேண்டும் என்று பதினான்கு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு டோஃபைவிட லின்தான் பெரிய பாத்திரம். இதற்கு வரப்போகும் கடிதங்களுக்குத் தயார்.

இடம் தீரப்போகிறது, கோராவுக்கு வந்தே ஆகவேண்டும். ஆங் டோஃபைச் சந்திப்பதற்கு முன்பே, ஒரு சதுப்புக்காட்டில் சிரித்துக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணின் தோற்றத்தைப் பார்த்திருந்தான். கதையில் எழுபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு அடுத்த தொடரின் நாயகி கோரா அதே சதுப்புக்காட்டுக்கு வருகிறாள். உலோக விஷம் ஏற்றப்பட்டு, சக்கர நாற்காலியில் கிடந்து, தேறவே வருஷங்கள் ஆனவள். அங்கே வெடுக்கென்று பேசும் ஒரு கிழவி இருக்கிறாள். வந்தவளின் உடம்புக்குள் உலோகம் இன்னும் மிச்சமிருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். இரும்புக்குள் மண்ணைக் கண்டவள் அல்லவா! எடுத்துவிடலாம் என்று கை வைக்கிறாள். வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது அடுத்த வாரம், இந்தத் தடவை நிஜமாகவே. அதற்குள் ‘கோரா அலோன்’ பார்த்து வையுங்கள். நான்காம் பருவம், இரண்டாவது அத்தியாயம்.