ஊர்ப் பொதுக் கட்டடங்களும் மின் சிக்கனமும்

'சிறு துளி பெரு வெள்ளம்' என்பது நாம் சிறு வகுப்பிலிருந்தே கேட்டுவரும் பழமொழி. சேமிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரியோர்கள் இதைச் சொல்வார்கள். ஆனால் துளித்துளியாக வீணாவதும் பெரு வெள்ளமே என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியும், பட்டப்பகலில் எரியும் தெருவிளக்கும் அத்தகைய துளிகளே. நம் வீட்டு மின் கட்டணத்தை நம் பெற்றோர் செலுத்துகின்றனர். ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், நூலகம், தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ஆகியவற்றின் கட்டணத்தைச் செலுத்துவது யார்? அதுவும் நாம் செலுத்தும் வரிப்பணமே அன்றோ!

குள்ளஞ்சாவடியில் வாழும் நமக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குறிஞ்சிப்பாடியையும் வடலூரையும் தாண்டினால் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் அவர்கள் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீருடன் கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, நீண்ட நாள் உழைத்து, 2020-இல் ஓய்வு பெற்றது. புதிய நிலையங்கள் இன்று அதன் இடத்தில் உழைக்கின்றன.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது என்ன? ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டை உண்டாக்க நெய்வேலியில் ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். ஒரு டன் நிலக்கரியை எடுக்கவோ ஐந்து கன மீட்டருக்கும் மேலான மண்ணை முதலில் அகற்ற வேண்டும். அத்துடன் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே நாம் வீணாக்கும் மின்சாரத்தில் மண்ணும் நீரும் மனித உழைப்பும் அடங்கியுள்ளன. சுரங்கத்தில் வேலை பார்க்கும் தந்தையரும் நம்மிடையே உண்டு. சுரங்கத்திற்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் குடிபெயர்ந்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இவ்விரு சாராருக்கும் ஒரு யூனிட்டின் விலை கட்டணச் சீட்டில் அச்சாகும் தொகை மட்டுமன்று.

சரி, பொதுக் கட்டடங்களில் எதை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்? கணக்குப் பாடத்தை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். பத்து வகுப்பறைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அறையிலும் நான்கு மின்விசிறிகள், நான்கு குழல்விளக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். தூரிகையில்லா மோட்டார் பொருத்திய புதிய விசிறிக்கு 30 வாட் போதும். பழைய குழல்விளக்கு அதன் சோக்குடன் சேர்ந்து சுமார் 55 வாட் எடுக்கும், எல்.இ.டி. குழலுக்கு 20 வாட் போதும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமும் ஆண்டுக்கு 200 நாட்களும் பள்ளி நடந்தால், விளக்குகளால் 1,680 யூனிட், விசிறிகளால் 2,160 யூனிட், ஆக மொத்தம் 3,840 யூனிட் மிச்சமாகும். அதாவது ஏறத்தாழ நான்கு டன் நிலக்கரி!

இத்துடன் நின்றுவிட்டால் நாம் பாதிக் கணக்கையே போட்டவர்களாவோம். செலவையும் பார்க்க வேண்டும். ஒரு யூனிட்டின் விலை எட்டு ரூபாய், ஒரு குழல்விளக்கு 250 ரூபாய், ஒரு புதிய விசிறி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது விளக்குகளுக்கு 10,000 ரூபாய் செலவு. ஆண்டு மிச்சம் 13,440 ரூபாய். போட்ட பணம் ஓராண்டுக்குள் திரும்பி வந்துவிடும். நாற்பது விசிறிகளுக்கோ 1,20,000 ரூபாய் செலவு. ஆண்டு மிச்சம் 17,280 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும்.

அதே விசிறியைச் சுகாதார நிலையத்தில் நோயாளிகள் படுத்திருக்கும் அறையில் மாட்டிப் பாருங்கள். அங்கே அது இரவு பகல் ஓயாமல் சுழல வேண்டும். ஆண்டுக்கு 394 யூனிட் மிச்சமாகி, ஓராண்டிலேயே தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். பொருள் ஒன்றே, அது உழைக்கும் நேரமே வேறு. எனவே ஊர்ப் பணம் குறைவாக இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதில்லை. இரவெல்லாம் எரியும் தெருவிளக்கு, நாளெல்லாம் சுழலும் மருத்துவமனை விசிறி, பள்ளியின் குழல்விளக்கு ஆகியவை முதலில். பள்ளி விசிறிகள் பழுதாகும்போது ஒவ்வொன்றாகப் பின்னர். இதுவே கணக்கு நமக்குக் காட்டும் வழி.

குடிநீர் மோட்டாரையும் மறந்துவிடலாகாது. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு குடம் நீரிலும் மின்சாரம் கலந்திருக்கிறது. குழாய் ஒழுகினால் நீர் மட்டுமா வீணாகிறது? அதை மேலே ஏற்றிய மின்சாரமும் சேர்ந்தே வீணாகிறது. தேய்ந்துபோன ஒரு வாஷரை மாற்றுவதும் மின் சிக்கனமே. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும் அப்படியே. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் சித்திரை வெயிலிலும் கீழே உள்ள அறையின் வெப்பம் தணிகிறது.

இனி, பணத்திற்கு எங்கே போவது? கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்திற்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி இதற்கு ஒரு நல்ல விடை தந்துள்ளது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஆகும் மின் கட்டணம் ஏறிக்கொண்டே போனதைக் கண்ட அவ்வூராட்சியின் தலைவர் திரு. சண்முகம் அவர்கள், மரக்கழிவிலிருந்து எரிவாயு தயாரித்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டச் செய்தார். பின்னர் 2006-இல் ஊராட்சியின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் மின் வாரியத்திற்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்தில் கடனும் அடைந்தது. ஓடந்துறை மின்சாரத்தை உண்டாக்கியது, நாம் பேசுவதோ சேமிப்பதைப் பற்றி. ஆயினும் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. கட்டணச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்ததுதான் அது.

இரண்டாவது வழியை விசாகப்பட்டினம் காட்டுகிறது. 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் அந்நகரைச் சூறையாடியது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, மின் கம்பங்கள் விழுந்து, பல நாட்கள் இருளில் தவித்த நம் கடலூர் மாவட்டத்தாருக்கு அந்தத் துன்பம் புரியும். விசாகப்பட்டினத்தார் பழைய விளக்குகளையே மீண்டும் மாட்டாமல், தொண்ணூறாயிரத்திற்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினர். மத்திய அரசு சார்ந்த இ.இ.எஸ்.எல். நிறுவனம் முதலில் பணம் போட்டது. மின் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து நகராட்சி அதைத் தவணையாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது.

மூன்றாவது வழி ஜெர்மனியிலுள்ள ஸ்டுட்கார்ட் நகரத்தினுடையது. அந்நகராட்சி 1995 முதல் தனக்குள்ளேயே ஒரு சுழல்நிதி வைத்திருக்கிறது. ஒரு பள்ளியைச் சீர்செய்ய அந்நிதியிலிருந்து பணம் கொடுக்கப்படும். மிச்சமாகும் கட்டணம் நிதிக்குத் திரும்பி வரும். பிறகு அதே பணம் அடுத்த கட்டடத்திற்குப் போகும். நம் தாய்மார்கள் மாதச்சீட்டுப் பிடித்துப் பாத்திரம் வாங்குவதைப் போன்றதே இது என்று சொன்னால் மிகையாகாது.

இதில் பெரியோர்கள் எழுப்பும் ஐயங்களும் நியாயமானவையே. விலை குறைவு என்பதற்காகத் தரமற்ற விளக்கை வாங்கினால் ஆறு மாதத்தில் அணைந்துவிடும். பழுதானால் யார் மாற்றுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் தெரு இருண்டே கிடக்கும். மாலை வகுப்பு முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டிற்கு நடக்கும் பெண்பிள்ளைகளாகிய நமக்கு எரியாத விளக்கு சிக்கனம் ஆகாது, அச்சமே ஆகும். ஆகவே மின் சிக்கனம் என்பது வெளிச்சத்தைக் குறைப்பது அன்று. அதே வெளிச்சத்தைக் குறைந்த மின்சாரத்தில் பெறுவது. கழற்றிய பழைய குழல்விளக்குகளைக் குப்பை மேட்டில் உடைத்துப் போடுவதும் கூடாது. அவற்றினுள் பாதரசம் உள்ளது. மாற்றுவதற்கு முந்தைய ஆண்டின் கட்டணத்தையும் பிந்தைய ஆண்டின் கட்டணத்தையும் ஊராட்சிப் பலகையில் எழுதி வைத்தால், மிச்சமானது எவ்வளவு என்பதை ஊரார் எல்லாரும் அறிவர்.

"எல்லாரும் மின்சாரத்தைச் சேமித்தால் நெய்வேலியில் வேலை குறையாதா?" என்று நம் தோழியர் சிலர் கேட்கக்கூடும். தந்தையின் சம்பளத்தில் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்க இயலாது. ஆயினும் தமிழ்நாட்டின் மின் தேவை ஆண்டுக்கு ஆண்டு பெருகியே வருகிறது. இங்கே மிச்சமாகும் யூனிட் வேறோர் ஊரின் பம்புசெட்டுக்கோ தொழிற்சாலைக்கோ போய்ச் சேரும். நிலத்தின் அடியில் உள்ள கரியோ ஒருமுறை எரிந்தால் மீண்டும் விளையாது. அதை வீணில் எரிக்காமல் இருப்பது, அதை வெட்டி எடுத்த தொழிலாளியின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை. இன்னும் ஒரு வயல் தோண்டப்படும் நாள் சற்றே தள்ளிப்போனால் அந்த வயலை உழுபவருக்கும் நன்மை.

அருகிலுள்ள வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து ஏழைகளுக்குச் சோறு தருகிறது. பசித்தவர்க்காக எரியும் நெருப்பு அணையக் கூடாது. யாருக்கும் பயன்படாமல் எரியும் விளக்கு எரியக் கூடாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சிக்கனம். கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு.

விளக்கை மாற்றுவதும் நிதி ஒதுக்குவதும் பெரியோர்களின் கையில் உள்ளன. ஆனால் சுவிட்சு நம் கையில் உள்ளது. மேலே போட்ட கணக்கில் செலவே இல்லாத வழி ஒன்று உண்டென்றால் அது இதுதான். காலை வழிபாட்டுக்கும் விளையாட்டு மைதானத்திற்கும் புறப்படும் முன் கடைசியாக வெளியேறுபவர் விளக்கையும் விசிறியையும் நிறுத்தட்டும். வகுப்புக்கு ஒரு மாணவி வாரந்தோறும் இப்பொறுப்பை ஏற்கட்டும். பள்ளியின் மின் அளவியை மாதந்தோறும் பார்த்து எழுதும் பணியை உயர் வகுப்பு மாணவியராகிய நாம் கேட்டுப் பெறுவோம். அந்தக் கணக்கு நோட்டுடன் கிராமசபைக் கூட்டத்திற்கு நம் பெற்றோர் செல்வார்களானால், ஊரின் முடிவு நல்ல முடிவாகவே அமையும் என்பதில் ஐயமில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி