தேன் ஒரிஜினல்தான்... ஆனா யாருக்கு நல்லது, யாருக்கு ஆபத்து?

பெரணமல்லூர், ஆரணி, சேத்துப்பட்டு பக்கம் மலைத்தேன் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது ஜவ்வாது மலை. அதே திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் மலை என்பதால், தேன், சாமை, புளி என்று அங்கிருந்து வருவதற்கெல்லாம் தனி மதிப்பு. தேன் பாட்டிலைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரிஜினலா?"

பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால், முடி கருகும் வாசனை வந்தால் அது பட்டு. வேலை முடிந்தது. தேனிலும் அப்படி ஒரு டெஸ்ட் இருப்பதாக வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு வீடியோ சுற்றுகிறது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகணும், கட்டை விரலில் வைத்தால் வழியக் கூடாது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்தினால் எரியணும்...

இது எதுவுமே நம்பகமானது இல்லை. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில்தான் போகும். மலைத்தேனீயின் தேனில் ஈரப்பதம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கலாம். அதனால் காட்டில் எடுத்த அசல் தேன் விரலில் வழிந்து 'ஃபெயில்' ஆகவும் வாய்ப்பு உண்டு. அடியில் உறைந்து போவதும் கலப்படத்தின் அடையாளம் இல்லை. தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவதுதான் அது.

ஆய்வகங்களே திணறிய விஷயம் இது. 2020 டிசம்பரில், டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைச் சோதித்தது. ஜெர்மனி ஆய்வகத்தில் செய்த என்.எம்.ஆர். சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை 3 மட்டுமே. வழக்கமான சோதனைகளில் சிக்காதபடி வடிவமைத்த சர்க்கரைப் பாகு கலக்கப்படுகிறது என்றது அந்த அமைப்பு, நிறுவனங்கள் மறுத்தன. லேப்பிலேயே தப்பிக்கும் பாகை, சமையலறை டம்ளர் எப்படிப் பிடிக்கும்?

தெரிந்த இடத்தில், தெரிந்தவர்களிடம் வாங்கினால் கலப்படப் பயம் கொஞ்சம் குறையும். ஆனால் ஒரிஜினல் என்று தெரிந்துவிட்டாலே 'உடம்புக்கு நல்லது' என்று முடிவு கட்டிவிடுகிறோமே, சிக்கல் அங்கேதான். அது வேறு கேள்வி.

எடை குறையுமா?

வெந்நீர், எலுமிச்சை, ஒரு ஸ்பூன் தேன். ஐ.டி. வேலைக்குப் போகும் பாதிப் பேரின் காலை இப்படித்தான் விடிகிறது. கணக்கைப் பார்ப்போம். ஒரு டீஸ்பூன் தேன் சுமார் 7 கிராம், 21 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம், 16 கலோரி. ஆமாம், ஸ்பூன் கணக்கில் தேனில்தான் கலோரி அதிகம். காரணம் சிம்பிள்: தேன் கனமானது.

100 கிராம் தேனில் 80 கிராமுக்கு மேல் சர்க்கரைதான்; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். வைட்டமின், தாதுக்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைப்பது சொல்லிக்கொள்ளும் அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் தேனைக் குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. காலையில் இதைக் குடித்து எடை குறைந்தவர்கள், அதற்கு முன் குடித்துக்கொண்டிருந்த இரண்டு ஸ்பூன் சர்க்கரை காபியை விட்டிருப்பார்கள். அவ்ளோதான்.

சுகர் இருப்பவர்களுக்கும் இதே பதில். வெள்ளைச் சர்க்கரையைவிட தேன் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம் சற்றுக் குறைவு; ஏற்றாது என்பது இல்லை. 'இயற்கைதானே' என்று அப்பாவுக்கு டீயில் ஊற்றிக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அப்போ எதுக்குத்தான் நல்லது?

இருமலுக்கு. இது பாட்டி சொன்னது மட்டும் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் ஆய்வாளர்கள், சளி பிடித்த 105 குழந்தைகளை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள். தூங்கும் முன் தேன் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு, எதுவும் தராத பிள்ளைகளைவிட இரவு இருமல் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், சாதாரண சளி, இருமலுக்கு வழக்கமான சிகிச்சையைவிட தேன் மேல் என்றே வந்தது. பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதல் 2019 முதலே, சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் தேடி ஓடுவதற்கு முன் தேனை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது.

நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன் பிறகு, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்று மத்திய அரசு டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தூங்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் தரலாம். மூச்சுத் திணறலோ, விடாத காய்ச்சலோ இருந்தால் தேனை நம்பி உட்காரக் கூடாது.

லேசான தீக்காயங்கள் ஆறவும் தேன் உதவுவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அதற்கு மருத்துவமனைகளில் பயன்படுத்துவது கிருமி நீக்கம் செய்த தேன். சமையலறை பாட்டில் இல்லை.

பச்சைக் குழந்தைக்கு ஏன் கூடாது?

'ஒரு வயது தாண்டிய' என்று மேலே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் நாக்கில் சேனை வைப்பது நம் வழக்கம். சிலர் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள், சிலர் தேன். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. அந்த நாளுக்கென்றே தேடிப் பிடித்து நல்ல மலைத்தேன் வாங்கி வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அன்பில் குறையே இல்லை.

ஆனால் மண்ணிலும் தூசியிலும் வாழும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அவற்றை வளர விடாது. பிறந்த குழந்தையின் குடலில் அந்தப் பாதுகாப்பு இன்னும் உருவாகவில்லை. அங்கே வித்துகள் முளைத்து, நரம்புகளைத் தாக்கி தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கும். அரிதான நோய்தான். ஆனால் வந்தால் மூச்சுவிடக்கூட வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

இதில் ஒரிஜினல், டூப்ளிகேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுத்தமான காட்டுத் தேனிலும் வித்து இருக்கலாம். காய்ச்சினால் சரியாகிவிடுமா? ஆகாது, கொதிக்கிற சூட்டையும் தாங்கும். ஒரு சொட்டுதானே என்பதும் உதவாது. எவ்வளவு தந்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தேன் ஒரு வயதுக்குப் பிறகு. பால் கொடுக்கும் அம்மா தேன் சாப்பிடலாம், அதனால் குழந்தைக்கு எதுவும் ஆகாது.

வீட்டில் பெரியவர்கள் ஆசைப்பட்டால், "வைக்கவே கூடாது" என்று சண்டைக்குப் போவதைவிட, "முதல் பிறந்தநாள் அன்னிக்கு நீங்களே வைங்க பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள்.

ஏற்கெனவே வைத்துவிட்டார்களா? பதற வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் ஆகாது. ஆனால் ஒரு மாதம் வரை கவனியுங்கள். மலம் போகாமல் இருப்பது, பால் உறிஞ்சும் வேகம் குறைவது, அழுகைச் சத்தம் மெலிவது, இமை சரிவது, தலை நிற்காமல் உடல் துவள்வது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல், தேன் வைத்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.