உள்ளவர்கள்மீது உள்ள கடன்

மைதானத்து மனிதர்கள் – 9

கல்முனைக் கரையோரத்தில் ஒரு மௌத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுமாயின், இறந்தவர் உறவினரா அந்நியரா, செல்வரா ஏழையா என்று விசாரியாமலே, கடைக்காரர் கடையை அரைவாசி சாத்திவிட்டும், மருதமுனையிலே தறியில் இருப்பவர் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நெய்த துணியின்மேல் அப்படியே வைத்துவிட்டும், ஜனாஸா வீட்டை நோக்கி நடக்கத் தொடங்குவதை நான் பிள்ளைப் பிராயம் முதல் கண்டு வந்திருக்கிறேன். இது வெறும் ஊர் வழமையன்று. இறந்தவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது மையவாடியிலே சேர்ப்பது ‘பர்ளு கிபாயா’ என்று நம் மார்க்கம் விதித்திருக்கிறது. ஊரிலே சிலர் அதைச் செய்துவிட்டால் எல்லாருடைய கடனும் நீங்கும்; ஒருவருமே செய்யாவிட்டால் பாவம் எல்லார் தலையிலும் விழும். கடன் இறந்தவருடையதன்று, உள்ளவர்களுடையது என்ற இந்தப் பெருங்கருத்தை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

மார்க்கச் சட்டத்தை மைதானத்துக்கு இழுத்து வருகிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. ஆயினும், ஒரு பெரிய ஆட்டக்காரன் மறைந்தபின் அவனுடைய ஆட்டத்தை நினைவில் வைத்துப் பின்வருவோருக்குச் சொல்லுவதும் ஏறக்குறைய இத்தகைய கடன்தான் என்பது என் உறுதியான எண்ணம். சிலராவது சொன்னால் உலகம் கடன் தீர்ந்தது; ஒருவரும் சொல்லாவிட்டால் எல்லாருமே கடனாளிகள். கவிஞன் மறைந்தாலும் ஏடு இருக்கிறது. சிற்பி மறைந்தாலும் கல் இருக்கிறது. உதைபந்தாட்டக்காரனுடைய வித்தையோ, அவன் காலும் பந்தும் பார்த்தவர் கண்ணும் கூடிய அந்தக் கணத்திலேயே பிறந்து அந்தக் கணத்திலேயே மறைந்துவிடுகிறது. கண்டவர் வாய்தான் அதற்கு ஏடு. இந்த வாரம் அவ்வாறு சொல்லப்படவேண்டியவர், 2023 பெப்ரவரி 16ஆம் திகதி கல்கத்தா நகரில் காலமான துளசிதாஸ் பலராம்.

செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூரிலே, பிழைப்புக்காக வடக்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1936இல் பிறந்தவர் அவர். பட்டாளத்தார் நிறைந்த அவ்வூரிலே பந்து எங்கும் உருண்டுகொண்டிருந்தது; ஆனால் வறுமை மிக்க வீட்டுப் பிள்ளைக்குச் சப்பாத்து ஏது? காவற்படையினர் கழித்துவிட்ட பழைய சப்பாத்துகளிலிருந்து செம்மான் ஒருவர் செய்து கொடுத்த சோடிதான் தம்முடைய முதல் ஆட்டச் சப்பாத்து என்று அவரே பிற்காலத்தில் சொல்லுவதுண்டு. வெறுங்காலோடு மணலில் பந்தடித்து வளர்ந்த நம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதேயில்லை.

இந்தப் பிள்ளையைக் கண்டெடுத்தவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூடங்களிலே ஆசிரியராகத் தொழில் செய்தவர். 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவற்படை அணியைப் பயிற்றுவித்து அதை இந்தியாவிலேயே தலைசிறந்த அணிகளுள் ஒன்றாக்கியவர். ‘ரஹீம் சாஹிப்’ என்றே எல்லாராலும் அழைக்கப்பட்டவர். வீட்டிலிருந்து ஹைதராபாத் மைதானத்துக்கு நாள்தோறும் வந்து போக வழியில்லை என்று பலராம் தயங்கி நின்றபோது, வாடகைச் சைக்கிளுக்கான காசைத் தாமே கொடுத்து ‘வந்து சேர்’ என்று பணித்தவர் அவர். ஆசிரியர்களை மிகுதியாகப் பெற்று, ஆசிரியத் தொழிலையே தன் கௌரவமாகக் கருதும் நம் பிரதேசத்தாருக்கு, ஒரு முஸ்லிம் ஆசிரியர் ஒரு தமிழ்ப் பிள்ளையை இப்படிக் கைப்பிடித்து உலக மேடைக்கு ஏற்றிய சரித்திரம் எத்துணை நெருக்கமானது! பலராம் தம்மைப்பற்றிப் பேசும்போது தம் குருவை மறந்தவரல்லர்.

அதன்பின் அவருடைய ஏற்றம் விரைவாக நிகழ்ந்தது. 1956இல் சந்தோஷ் கோப்பையை வென்ற ஹைதராபாத் அணியில் இடம்பெற்றார். அதே ஆண்டின் இறுதியில், இருபது வயதிலே, மெல்போர்ன் ஒலிம்பிக் அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியச் சட்டையை அணிந்தார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற நான்காம் இடத்தை இன்றுவரை அந்நாடு உதைபந்தாட்டத்தில் மீண்டும் எட்டவில்லை. 1957இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்து, 1961இல் அதன் தலைவராகவும், அவ்வருடத்து லீக்கில் 23 கோல்களுடன் எல்லாரிலும் கூடுதலாக அடித்தவராகவும் விளங்கினார். இடப்புற ஓரத்திலும் ஆடுவார், உள்ளேயும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார். தாம் அடிப்பதைவிட அடிக்கக்கூடிய மற்றவருக்குப் பந்தைச் சேர்ப்பதிலே பேரின்பம் கண்டவர். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவரையும் ஒரே மூச்சில் சொல்லுவது அக்காலத்து ரசிகர்களின் வழக்கமாயிற்று.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவைக் கேட்டவர்கள் அனுதாபத்தோடு தலையசைத்தார்கள்: ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. புளோரியன் ஆல்பர்ட் என்ற இளம் மேதையைக் கொண்ட, பின்னர் வெண்கலப் பதக்கமும் பெற்ற ஹங்கேரியை எதிர்த்து இந்தியா 1–2 என்ற கணக்கில்தான் தோற்றது; அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் வெறுங்காலோடு ஆடியவர்களும் இருந்த அணி யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று வீழ்ந்திருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு கோலுக்குப் பின்னே, இந்திய அணியையும் பயிற்றுவித்த ரஹீம் சாஹிபின் எத்தனை வருடப் பிரயாசை இருந்தது என்பது விளங்கும்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக அமைந்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 என்று தோற்ற அணி, தாய்லாந்தையும் ஜப்பானையும் அரையிறுதியில் தென்வியட்நாமையும் வென்று, மீண்டும் அதே கொரியாவை இறுதியாட்டத்தில் சந்தித்தது. ஜப்பானுக்கெதிரான இரண்டு கோல்களுள் ஒன்று பலராமுடையது. தாய்லாந்தோடு நடந்த ஆட்டத்தில் தலை பிளந்து தையலிடப்பட்ட பின்காவல் வீரர் ஜர்னைல் சிங்கை, ரஹீம் அரையிறுதி முதலே முன்வரிசையின் நடுவிலே நிறுத்தினார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் கோல் காத்தார். இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதுபற்றி இந்தியாவோடு எழுந்த சர்ச்சையால் சினங்கொண்டிருந்த சுமார் ஒரு லட்சம் பேர் இந்திய அணிக்கு எதிராகக் கூச்சலிட்ட அந்த செப்டம்பர் 4ஆம் திகதி மாலையில், அவ்வணிக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தானின் ஹொக்கி வீரர்கள் என்பது இன்றும் நினைக்க இனிப்பானது. முதல் இருபது நிமிடங்களுக்குள்ளேயே பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் அடித்த இரு கோல்களால் இந்தியா 2–1 என்று வென்றது. அன்றே உள்ளுக்குள் புற்றுநோயால் அரிக்கப்பட்டிருந்த ரஹீம் சாஹிப், ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11ஆம் திகதி மறைந்தார்.

குரு போன வருடத்திலேயே சிஷ்யனின் ஆட்டமும் முடிந்தது. நுரையீரலைச் சூழ்ந்த உறையில் ஏற்பட்ட அழற்சி நோயினால், இருபத்தேழு வயதளவில், உச்சத்தில் நின்றபோதே பலராம் ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தது. அர்ஜுனா விருது 1962இல் வந்தது. பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் கிடைத்த பத்மஸ்ரீ அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அந்த மனக்குறையை அவர் மறைத்ததுமில்லை. மணம் முடிக்காமல், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தர்பாராவிலே, ஆடிய காலத்தைப்போல் பல மடங்கு நீண்ட காலத்தை அவர் தனிமையில் கழித்தார். மனிதனுக்கு உயிர் போவது ஒருமுறை. ஆட்டக்காரனுக்கோ ஆட்டம் போவது முதல் மௌத்து. அந்த முதல் மௌத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே அறுபது வருடங்கள் உயிரோடிருந்த ஒருவரை உலகம் எப்படி நடத்தியது என்பதிலேதான் நம் கடனின் கணக்கு இருக்கிறது.

அந்த மூவருள் பி.கே. பானர்ஜி காலமானது 2020 மார்ச் 20ஆம் திகதி. கொவிட் தொற்றினால் நம் தீவு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் அதே நாள் மாலைதான். சுனி கோஸ்வாமி ஏப்ரல் 30இல் மறைந்தார். லட்சம் பேர் எழுந்து நின்று ஆரவாரித்த அந்தக் கால்களை வழியனுப்பப் பெருந்திரள் கூட முடியாத காலம் அது. நம்மவருக்கோ அதனினும் கொடிய சோதனை வந்தது. தொற்றினால் இறந்தோரை எரித்தேயாக வேண்டும் என்று ஏப்ரல் 11இல் வெளிவந்த வர்த்தமானியினால், ஏறக்குறைய ஓராண்டு காலம், நம் ஜனாஸாக்களுக்குச் செய்யவேண்டிய கடனைச் செய்யும் உரிமையே நமக்கு மறுக்கப்பட்டிருந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மண்ணிலே முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டபோது, யார் பெற்ற பிள்ளையோ என்று பாராமல் இந்தக் கரையோரமே அழுதது. கடனைச் செய்ய விடாமல் தடுக்கப்பட்டவனுக்குத்தான் கடனின் அருமை தெரியும். ஆதலினாலேயே, எவரும் தடுக்காத கடனொன்றை நாம் சோம்பலினால் மாத்திரம் விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பலராமின் ஆட்டத்தை நான் கண்ணால் கண்டவனல்லன். ஆசிரியராயிருந்த என் வாப்பாவும் கண்டவரல்லர். அவருக்குப் பத்திரிகைதான் பிரத்தியட்சம். ஜகார்த்தா வெற்றிச் செய்தி வந்த வாரம், அசருக்குப் பிறகு என்னைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஈர மணலைக் கையால் தடவிச் சமன்செய்து, பதினொரு சிப்பிகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். ஆகப் பின்னே ஒன்று, பீட்டர் தங்கராஜ். அதற்கு முன்னே மூன்று: சந்திரசேகர், திரிலோக் சிங், அருண் கோஷ். பிறகு இரண்டு: பிரசாந்த சின்ஹா, பிராங்கோ. முன்னே ஐந்து: பானர்ஜி, யூசுப் கான், ஜர்னைல் சிங், சுனி கோஸ்வாமி. கடைசிச் சிப்பியை இடக்கரை ஓரத்தில் வைத்துவிட்டு, “இது நம்மட பாஷக்காரர்ர புள்ள” என்றார். பிறகு, “பந்தயே பாத்துக்கிட்டு ஓடாத மனே, தலயத் தூக்கு. எங்க ஆரு நிக்கிறான் எண்டு தெரிஞ்சாத்தான் நீ ஆட்டக்காரன்” என்றார். அலை வந்து முதலில் கோல் காப்பாளரைக் கொண்டுபோயிற்று. அவர் சிரித்துக்கொண்டே வேறொரு சிப்பியைத் தேடி எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

பலராமின் மரணச் செய்தி வந்த வாரம், கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தின் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி முடித்து வியர்வையோடு வந்த பிள்ளைகள் சிலரிடம் அவரைப்பற்றிச் சொன்னேன். மரடோனா மறைந்தபோதும் பெலே மறைந்தபோதும் சொந்த வீட்டு மௌத்துப்போல் முகம் வாடியிருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த அபிமானம் மிக உயர்ந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்தப் பெயரை அவர்கள் கேட்டதேயில்லை. “அவர்ர கோல் போன்ல இருக்கா சேர்?” என்று இடப்புறம் ஆடும் ஒரு பையன் கேட்டான். இருவருமாகத் தேடினோம், எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகளின் முகத்தில் ஆர்வம் வடியத் தொடங்கியது.

ஆகவே நான் குனிந்து மண்ணைத் தடவிச் சமன்செய்து, அறுபது வருடங்களுக்கு முன் கேட்ட அதே ஒழுங்கில், பதினொரு சிறு கற்களை அடுக்கினேன். ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் சொன்னேன். தலை பிளந்தவன் எது, காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவன் எது, பழைய சப்பாத்தோடு தொடங்கியவன் எது என்று காட்டினேன். அந்த அணியைச் சேர்த்த ஆசிரியருக்குக் கோட்டுக்கு வெளியே ஒரு கல் வைத்தேன். மஃரிப் பாங்கு கேட்டது. பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

மறுநாள் மாலை நான் போனபோது, அந்தப் பையன் தன்னிலும் சிறியவன் ஒருவனை இருத்திவைத்துக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தான். சின்ஹாவையும் பிராங்கோவையும் இடம் மாற்றி வைத்தான்; திரிலோக் சிங்கின் பெயரை மறந்து சற்று யோசித்தான். நான் திருத்தவில்லை. இடக்கரை ஓரத்துக் கல்லை மாத்திரம் தயங்காமல் வைத்து, அதன் பெயரைச் சொன்னான்.

(தொடரும்)